கருகமணிக்கு ஏத்த கம்பி

“கம்பி சரியில்லம்மா. மூணாவது தடவையா மாலை அவுந்து போச்சு.”

தவசி வந்ததும் வராததுமாய் மணிப் பொட்டலத்தைப் பாயில் வைத்தான்.

செல்லக்கிளி ஒரு காலால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே மணி கோர்த்துக்கொண்டிருந்தாள். “கரண்டுக் கம்பியையே அடக்கின ஆளு. இந்தத் துண்டுக் கம்பி அடங்க மாட்டேங்குதா?”

அவளுக்கு முப்பது வயசு. அவனுக்கு ஐம்பத்திரண்டு. மின்கம்பம் ஏறி ஓய்ந்த மனுசன், பெண்டாட்டி செத்த மூணாம் மாசம் மணி கோர்க்கப் படிக்கச் செல்லக்கிளி முன்னால் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தான். தெருவே சிரித்தது.

அவன் படிக்க வந்தது ஒரே ஒரு மாலைக்காக. பெண்டாட்டி வெள்ளத்தாயி கழுத்தில் தாலியாய்க் கிடந்த கருகமணி.

பெண்டாட்டி முந்திப் போனால் கருகமணி அவள் கழுத்தோடு போய்விட வேண்டும். அவர்கள் வழக்கம் அது. பாடை தூக்கும் முன்னால், யாரும் பார்க்காத நேரத்தில் தவசி அதைப் பிடித்து இழுத்தான். நூல் அறுந்து மணியெல்லாம் அவன் மடிக்கு வந்தது.

“கம்பி முனையக் காட்டுங்கண்ணே.”

காட்டினான். பித்தளைக் கம்பி. அவன் போட்ட மூன்று முறுக்கும் ஒவ்வொன்றாய், பொறுமையாய்ப் பிரிக்கப்பட்டிருந்தது.

“எப்ப?”

“உச்சி வெயில்ல. சாப்பிட்டுக் கண்ணசந்தேன். முழிச்சுப் பாத்தா அவ படத்துல மாலை இல்ல. மணியெல்லாம் வாசப்படி ஓரமா வரிசையா நிக்குது. ஒண்ணுகூடப் படி தாண்டல.”

“எலியா இருக்கும்.”

“எலி முறுக்குப் பிரிக்குமா?”

அவள் கம்பி முனையை விரலால் தடவிப் பார்த்தாள்.

“முதல்ல நூலு. அப்புறம் செம்பு. இப்பப் பித்தளை. எஃகுக் கம்பி குடும்மா. அதை ஒருத்தரும் பிரிக்க முடியாது.”

“யாரு போடப்போற மாலை?”

“படத்துக்குத்தான்.”

“படத்துக்குக் கழுத்து ஏது?”

தவசி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவள் எழுந்து, பிள்ளைக்கு எட்டாத உயரத்திலிருந்து எஃகுச் சுருளை எடுத்து ஒரு முழம் நறுக்கிக் கொடுத்தாள்.

“மணி ஓட்டைக்குச் சரியா இருக்கும். ஆனா மடங்கிக் குடுக்காது. முனை முள்ளு மாதிரி நிக்கும். கை பத்திரம்.”

“என் கை காய்ச்சுப்போன கைம்மா.”

“உங்க கையைச் சொல்லலண்ணே.”

மறுநாள் சாயங்காலம் வந்தான். கையில் படம், அதில் கட்டிய மாலையோடு. வாசலிலேயே நின்றான்.

“அப்படியே இருக்கே,” என்றாள் செல்லக்கிளி. “ஜெயிச்சுட்டீங்க.”

அவன் படத்தைத் திருப்பினான்.

எஃகு முறுக்கின் இடுக்கில் என்னவோ சிக்கியிருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிய்ந்துபோன நகம். நுனியில் மருதாணிச் சிவப்பு.

“ஆஸ்பத்திரியில ஆசையாக் கேட்டா. நான்தான் அரைச்சு வச்சுவிட்டேன்.”

தொட்டில் தானாக ஒருமுறை ஆடி நின்றது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

“இன்னைக்கு வாசப்படியில மணி இல்லம்மா. சுவத்துலதான் கீறல். படம் மாட்டுன ஆணியிலிருந்து தரை வரைக்கும்.”

அவள் குறடை எடுத்தாள். எஃகு டக்கென்று துண்டானது. மணிகள் பாயில் கொட்டின. ஒன்றுகூட உருளவில்லை. காத்திருப்பது மாதிரி கிடந்தன.

எல்லாக் கம்பியையும் அவன் முன்னால் பரப்பினாள்.

“யாரு போடப்போற மாலை?”

தவசி பாயில் உட்கார்ந்தான். “வெள்ளத்தாயி.”

“எடுங்க.”

எஃகைத் தொடவில்லை. பித்தளையை எடுத்துக் கீழே வைத்தான். செம்பில் இருந்ததிலேயே மெல்லிசானதைத் தன் கட்டைவிரல் நகத்தால் மடக்கிப் பார்த்தான். இன்னொரு முறை மடக்கினான். வலிக்கவில்லை.

அவனே கோர்த்தான். கடைசி மணி ஏறியதும் செல்லக்கிளி ஒரு கொக்கியை எடுத்தாள்.

“கொக்கி பிடரிப் பக்கந்தானே?”

“வேணாம். முன்னால வையி.”

“முன்னாலயா? பாக்க நல்லா இருக்காதேண்ணே.”

“பின்னால வச்சா அவளுக்கு மாட்டத் தெரியாது. இத்தனை வருசமும் நான்தான் மாட்டிவிட்டேன்.”