வத்சலா கையில் எரியாத டெஸ்டர்

"பொய் சொல்றவளைக் கண்டுபிடிக்க ஒரு டெஸ்டர் இருக்கா, டீச்சர்?"

கடைக்குள் நுழையும்போதே வத்சலா இப்படிக் கேட்டாள். வணக்கமும் இல்லை, சௌக்கியமாவும் இல்லை.

மைமூன் நிமிரவில்லை. கவிழ்த்துப் போட்ட மிக்ஸியின் வயிற்றிலிருந்து செத்த கரப்பான்பூச்சிகளைப் பிரஷ்ஷால் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"யாரு பொய் சொன்னா?"

"எங்க வீட்டுல வேலை செய்யிற அஞ்சலை."

"என்ன சொன்னாங்க?"

"கிரைண்டர் ஷாக் அடிக்குதாம்."

மைமூன் பிரஷ்ஷைக் கீழே வைத்தாள்.

மைமூனுக்கு முப்பத்தைந்து வயது. தென்னூரில் ஒற்றை அறையில் ரிப்பேர் கடை. வத்சலாவுக்கு ஐம்பத்திரண்டு. பதினேழு வயது சின்னவளை டீச்சர் என்று கூப்பிட முதல் வாரம் வத்சலாவுக்கு மனசே வரவில்லை. அப்புறம் பழகிவிட்டது.

அவள் இங்கே வந்து சேர்ந்ததற்கு ஞான தாகமெல்லாம் காரணமில்லை. சந்தேகம்தான்.

மெக்கானிக் என்று பெயர் வைத்துக்கொண்ட அத்தனை பேரும் நல்ல பாகத்தைக் கழற்றிக்கொண்டு பழையதை மாட்டிவிடுகிறார்கள் என்பது அவள் முடிவு. அதனால் மிக்ஸியை ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் அதைத் திறந்து, உள்ளே ஒவ்வொரு பாகத்துக்கும் சிவப்பு நெயில் பாலிஷில் பொட்டு வைப்பாள். மைமூன் கடைக்கு அவள் கொண்டுவந்த மிக்ஸிக்குள்ளும் பதினோரு பொட்டு.

திருப்பிக் கொடுக்கும்போது மைமூன் சொன்னாள். "பதினொண்ணும் இருக்கு. எண்ணிப் பாத்துக்குங்கக்கா."

வத்சலா எண்ணினாள். இருந்தது. அதுவே அவளுக்குச் சந்தேகமாகிவிட்டது.

மறுநாள் காலை, "இந்த வேலையை எனக்குக் கத்துக்குடுங்க" என்று வந்து நின்றாள்.

செவ்வாயும் வியாழனும் பத்து மணிக்கு வகுப்பு. நாலு மாதம் ஓடிவிட்டது. நாலு மாதமும், டீச்சர் எதையோ தன்னிடம் மறைக்கிறாள் என்றே வத்சலாவுக்குப் பட்டது. கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் ஸ்பானரை எடுத்து நீட்டுகிறவளை வேறு எப்படி நினைப்பது?

"முழுசா சொல்லுங்க" என்றாள் மைமூன்.

"பொங்கலுக்கு அப்புறம் மூணு தடவை சொல்லிட்டா. மாவு தள்ளிவிடப் போனா, கிரைண்டர்ல கை பட்டதும் சுர்ருன்னு இழுக்குதாம். நான் தொட்டேன், ஒண்ணும் இல்லை. எங்க வீட்டுக்காரர் தொட்டார், ஒண்ணும் இல்லை. எங்களை ஒண்ணும் பண்ணாத கரண்ட் அவளை மட்டும் அடிக்குதாக்கும்! ஆளைப் பாத்து அடிக்குமா கரண்ட்?"

"டெஸ்டர் வச்சுப் பாத்தீங்களா?"

இந்தக் கேள்விக்காகத்தான் வத்சலா காத்திருந்தாள்.

"நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியே பாத்தேன். முதல்ல ஸ்விட்ச் போர்டுல வச்சேன், எரிஞ்சுது. அப்ப டெஸ்டர் உயிரோட இருக்கு. அடுத்து ஓடுற கிரைண்டரோட உடம்புல வச்சேன். எரியலை. மறுபடியும் போர்டுல வச்சேன், எரிஞ்சுது. அப்ப நடுவுல டெஸ்டர் செத்துப்போகலை. சரியா தப்பா?"

"முறை சரி. போர்டுல வச்சப்ப எப்படி எரிஞ்சுது?"

"சன்னமா. நீங்க குடுத்த டெஸ்டர் பழசு."

"ம்."

இந்த 'ம்' வத்சலாவுக்கு ஆகவே ஆகாது. ஒரு வார்த்தையாகவும் வெளியே வராது, வாயை மூடிக்கொண்டும் இருக்காது. உள்ளே என்னத்தையோ பூட்டி வைத்துக்கொண்டு வெளியே தொங்கவிடுகிற பூட்டு மாதிரி ஒரு 'ம்'.

"இப்ப என்ன செய்யப் போறீங்க?" என்றாள் மைமூன்.

"பக்கத்துத் தெருவுல புதுசா ஃப்ளாட் வந்திருக்கு. லிஃப்ட் இருக்கு. அங்க தாவுறதுக்கு வழி பண்றா. காரணம் இல்லாம நின்னா நல்லா இருக்காதே, அதான் கிரைண்டர் மேல பழி. இன்னைக்கு வேலை முடிஞ்சதும் நாளையிலேர்ந்து வராதேன்னு சொல்லிடுவேன். அக்கம்பக்கத்துலயும் ஏன்னு சொல்வேன். பொய் சொல்றவளை யாரும் வீட்டுக்குள்ள விடக்கூடாது பாருங்க."

அஞ்சலைக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது. மாடி ஏற முடியாமல் மற்ற வீடுகளையெல்லாம் விட்டுவிட்டாள். மிஞ்சியது, ஒன்பது வருஷமாக வந்துபோகிற வத்சலாவின் தரைத்தள வீடு ஒன்றுதான். இது வத்சலாவுக்குத் தெரியாததில்லை. தெரிந்ததால்தான் சந்தேகம் இன்னும் கொழுத்தது. போக்கிடம் இல்லாத ஒருத்தி இவ்வளவு துணிச்சலாகப் பொய் சொல்கிறாள் என்றால், யாரோ பின்னால் இருந்து தூண்டிவிடுகிறார்கள் என்றுதானே அர்த்தம்?

மைமூன் தன் டெஸ்டரைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"வாங்க."

"எங்க?"

"உங்க வீட்டுக்கு."

"அப்ப வகுப்பு?"

மைமூன் ஷட்டரை இறக்கினாள்.

ஆட்டோவில் போகும்போது மைமூனுக்கு ஒரு போன் வந்தது. "ம். வர்றேன். எனக்குத் தெரியும்" என்று சொல்லி வைத்துவிட்டாள். வத்சலா அந்த மூன்றையும் மனசுக்குள் குறித்துக்கொண்டாள்.

தில்லைநகர் வீட்டு வாசலில், படிக்கு வெளியே தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடந்தது. அறுந்த வாரில் ஊக்கு குத்தியிருந்தது.

மைமூன் அதன் பக்கத்திலேயே தன் செருப்பைக் கழற்றினாள்.

"ஐயையோ, அது அஞ்சலை விடுற இடம். நீங்க உள்ள ஸ்டாண்டுல விடுங்க டீச்சர்."

"இருக்கட்டும்."

வத்சலா தன் தெருச் செருப்பை ஸ்டாண்டில் வைத்துவிட்டு, கதவுக்கு உட்புறம் காத்திருந்த நீல ரப்பர் செருப்புக்குள் காலை நுழைத்தாள். வீட்டுக்குள் போடுவது. ஒரு விரற்கடை தடிமன், மெத்தென்று இருக்கும். குதிகால் வலிக்கு டாக்டர் சொன்னது. பக்கத்தில் அவள் கணவருடையது, காப்பிக் கலரில்.

சமையலறையில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. தரை அப்போதுதான் கழுவி விட்டிருந்தது. அஞ்சலை ஒரு முழம் தள்ளி நின்று, நீளக் காம்பு வைத்த மரக்கரண்டியால் உளுந்து மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"பாத்தீங்களா நடிப்பை?" என்றாள் வத்சலா, அஞ்சலைக்குக் கேட்கும்படியாகவே.

அஞ்சலை மைமூனைப் பார்த்தாள். "மிசினைப் பாக்க வந்தவங்களாம்மா? நல்லதாப் போச்சு."

"அவங்க மிஷினைப் பாக்க வரலை. உன்னைப் பாக்க வந்திருக்காங்க."

அஞ்சலையின் கரண்டி நின்றது. "நான் என்னத்துக்கும்மா பொய் சொல்லப் போறேன்?"

"பொய்யின்னு நான் இன்னும் உங்கிட்ட சொல்லவே இல்லையே. உனக்கு எப்படித் தெரியும்?"

மைமூன் டெஸ்டரை வத்சலாவிடம் நீட்டினாள்.

வத்சலா போர்டில் வைத்தாள். சன்னமாக எரிந்தது. ஓடுகிற கிரைண்டரின் உடம்பில் வைத்தாள். எரியவில்லை. மறுபடி போர்டில் வைத்தாள். எரிந்தது.

"போதுமா டீச்சர்?"

மைமூன் அதை வாங்கி அஞ்சலையிடம் கொடுத்தாள். "நீங்க வைங்கக்கா."

இவளும் அக்காவா என்று வத்சலா நினைத்தாள்.

"எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க. பயமா இருக்கு."

"பிடியை மட்டும் பிடிச்சு, பின்னாடி இருக்கிற தகட்டுல விரலை வைங்க. நுனி கிரைண்டர்ல படட்டும். இது இழுக்காது."

"நெசமாவா?"

"நெசமா."

அஞ்சலை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வைத்தாள்.

விளக்கு எரிந்தது. சன்னமாக இல்லை, பளிச்சென்று.

"குடு இங்க!"

வத்சலா பிடுங்கி அதே இடத்தில் வைத்தாள். எரியவில்லை. அழுத்தி வைத்தாள். எரியவில்லை. இடத்தை மாற்றினாள். ஊஹூம்.

அஞ்சலையிடம் கொடுத்தாள். எரிந்தது.

"ஈரக் கை. அதான். கையைத் துடை."

அஞ்சலை முந்தானையில் விரல் விரலாகத் துடைத்தாள். வைத்தாள். எரிந்தது.

"என்னடி பண்றே நீ?"

"நான் என்னம்மா பண்ணேன்? நீங்கதான் மூக்கு இடிக்கிற மாதிரி பக்கத்துலயே நிக்கிறீங்களே."

வத்சலா மைமூன் பக்கம் திரும்பினாள். மூக்கு நுனி சிவந்திருந்தது.

"புரிஞ்சுபோச்சு. ஆட்டோவுல வரும்போது போன்ல பேசினீங்களே, இவகிட்டத்தானே? ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு என்னை முட்டாளாக்குறீங்க. என் கையில எரியாத டெஸ்டர் இவ கையில எரியுதுன்னா, டெஸ்டர்ல என்னமோ பண்ணியிருக்கீங்க!"

"எங்கிட்ட ஏதும்மா போனு?" என்றாள் அஞ்சலை. "ஆடி மாசம் தண்ணித் தொட்டிக்குள்ள விழுந்துபோச்சே. தொட்டியை யார் கழுவுறதுன்னு நீங்ககூட அன்னைக்குப் பூரா திட்டுனீங்களே."

மைமூன் டெஸ்டரைப் பார்க்கவில்லை, கிரைண்டரைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்படி என்ன பார்க்கிறாள் என்று வத்சலாவும் குனிந்து பார்த்தாள். ஈரம். கழுவிய தண்ணீர் ஓரமாக இன்னும் தேங்கி நின்றது. வேறொன்றும் இல்லை.

"செருப்பைக் கழட்டுங்கக்கா" என்றாள் மைமூன்.

"எதுக்கு?"

மைமூன் செருப்பைக் கண்ணால் காட்டினாள். ஸ்பானரை நீட்டும்போது இருக்குமே, அதே முகம்.

வத்சலா பல்லைக் கடித்துக்கொண்டு நீலச் செருப்பை ஓரமாக உதறினாள்.

தரை ஜில்லென்று உள்ளங்காலில் ஏறியது. அவளுடைய சமையலறைதான். இந்தத் தரை இப்படிக் குளிரும் என்பது அவளுக்குத் தெரியாது.

டெஸ்டரை வைத்தாள்.

எரிந்தது.

எடுத்தாள். வைத்தாள். அவள் கையில், பளிச்சென்று எரிந்தது.

கொஞ்ச நேரம் அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். டெஸ்டரை அவள் நம்பவில்லை. டீச்சரை நம்பவில்லை. உலகத்தில் அவள் நம்பியது தன் சொந்தக் கை ஒன்றைத்தான். டெஸ்டரை மேடையில் வைத்துவிட்டு, விரலைக் கிரைண்டரை நோக்கி நீட்டினாள்.

மைமூனின் கை ஸ்விட்சுக்குப் பறந்தது. அதற்குள் அஞ்சலை, முட்டி வலிக்கிற அஞ்சலை, ஒரே தாவாகத் தாவி அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் மேடையில் போய் மோதினார்கள். ஒரு டம்ளர் விழுந்து உருண்டது.

"தொடாதீங்கம்மா! வெறுங்காலோட நிக்கிறீங்க!"

கிரைண்டர் நின்றது. மைமூன் பிளக்கைப் பிடுங்கித் தரையில் போட்டாள்.

உருண்ட டம்ளரும் நின்றது. அஞ்சலை இன்னும் மணிக்கட்டை விடவில்லை.

வத்சலா தன் காலைப் பார்த்தாள். பிறகு அஞ்சலையின் காலைப் பார்த்தாள்.

"அஞ்சலை."

"சொல்லுங்கம்மா."

"உன் செருப்பு எங்க?"

"நீங்க விடச் சொன்ன இடத்துலதாம்மா."