துப்பாக்கி இல்லாத சனிக்கிழமை

தெய்வசிகாமணிக்கு நாற்பத்து மூன்று வயது. அவருக்குக் குருவாக வாய்த்தவளுக்கு இருபத்தேழு.

அவள் பெயர் ரெஜினா. கோயம்புத்தூருக்கு வெளியே ஒரு பெயிண்ட்பால் மைதானத்தில் பயிற்சியாளர். ஆள் உயரத்துக்குக் காற்றடைத்த தடுப்புகளின் பின்னால் பதுங்கி, சாயக் குண்டுகளால் எதிரணியைச் சுடுகிற ஆட்டம் அது. உடம்பில் சாயம் பட்டவர் கையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட வேண்டும்.

அலுவலகத்தில் எல்லோரையும் ஒருநாள் வேனில் ஏற்றி அங்கே கூட்டிப் போனார்கள். தெய்வசிகாமணி வேண்டாவெறுப்பாகத்தான் போனார். அவருக்குக் கட்டட வரைபடம் போடுகிற வேலை. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். திக்குவாய். சொந்தப் பெயரின் முதல் எழுத்திலேயே நாக்கு மாட்டிக்கொள்ளும். எதிரில் நிற்பவர்கள் அவர் வாயையே பார்ப்பார்கள். பிறகு பொறுமை இழந்து, வார்த்தையை அவர்களே முடித்து வைப்பார்கள். தப்பாக முடித்தாலும் தலையாட்டிவிடுவார்.

முகமூடி போட்டதும் யாரும் அவர் வாயைப் பார்க்கவில்லை. குண்டுச் சத்தத்தில் யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை. அன்று மட்டும் எட்டுப் பேரை வெளியே அனுப்பினார்.

அடுத்த சனிக்கிழமை காலையில் தனியாக வந்து நின்றார்.

"போ... போட்டிக்கு ஆடணும் கோச். முதல்ல என்ன வாங்கணும்?"

"முகமூடி மட்டும் நல்லதா ஒண்ணு வாங்குங்ணா."

"துப்பாக்கி?"

"அதுக்கு என்ன அவசரம்? இங்கே இருக்கறதே போதும்."

இரண்டு மாதம் ஓடியது. புதிதாகச் சேர்ந்தவர்கள் ஆறு பேர். அவர்களில் பெங்களூரில் நடக்கும் போட்டிக்குப் போகப் போவது ஐந்து பேர். குறி பார்த்துச் சுடுவதில் தெய்வசிகாமணியை அடிக்க ஆளில்லை. தன் பெயர் பட்டியலில் இருக்கும் என்று அவருக்கே தெரியும். பல வருஷத்துக்குப் பிறகு சனிக்கிழமைக்காகக் காத்திருக்கத் தொடங்கியிருந்தார்.

அப்போதுதான் அது நடந்தது.

பழைய அணி ஒன்றோடு பயிற்சி ஆட்டம். முன்வரிசைத் தடுப்பில் பர்வீன் இருந்தாள். மருந்துக் கடை வைத்திருக்கும் பெண். இவரோடு சேர்ந்தவள்தான். பின்னால் நின்றவர் தெய்வசிகாமணி. வலது பக்கம் தரையோடு தரையாக ஒருவன் ஊர்ந்து வருவதை அவர் பார்த்தார். அவள் பார்க்கவில்லை. 'வலது' என்று ஒரு வார்த்தை போதும். அது தொண்டையில் நின்றுகொண்டது. உதட்டை இறுக்கி, கண்ணை மூடி, முட்டிப் பார்த்தார். வரவில்லை. துப்பாக்கியைத் தூக்கிச் சுட்டார். குண்டுகள் நடுவில் இருந்த தடுப்பில் பட்டுத் தெறித்தன.

பர்வீனின் கழுத்தில் கிட்டத்திலிருந்து மூன்று குண்டு. வெளியே வந்து முகமூடியைக் கழற்றியபோது கழுத்து கன்றிப் போயிருந்தது.

"அவன் வர்றதை நீங்க பாத்தீங்களாண்ணா?"

தலையாட்டினார்.

அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக் கழுத்தில் ஒற்றிக்கொண்டு நகர்ந்துவிட்டாள். அதுதான் அவரால் தாங்க முடியவில்லை.

ரெஜினா குழாயடியில் முகமூடிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். தெய்வசிகாமணி கைப்பேசியில் நீளமாக எழுதி அவள் முன்னால் நீட்டினார்.

அவள் அதைப் பார்க்கவில்லை. குழாயை மூடினாள்.

"சொல்லுங்ணா."

மறுபடி நீட்டினார்.

"எழுதினது இருக்கட்டும். சொல்லுங்க."

சொல்லத் தொடங்கினார். வெயிலில் அவர் நெற்றி வேர்த்து வழிந்தது. எங்கெங்கோ நின்று, திரும்பி, மறுபடி முதலிலிருந்து தொடங்கி, கடைசியில் சொல்லி முடித்தார். இது பேசுகிறவர்களின் ஆட்டம், என் பெயரை எடுத்துவிடுங்கள் என்பதுதான் விஷயம். அவ்வளவு நேரமும் ரெஜினா ஈரக் கையோடு நின்றாள். ஒரு வார்த்தையைக்கூட எடுத்துக் கொடுக்கவில்லை.

"சரி. அடுத்த சனிக்கிழமை மட்டும் வந்துட்டுப் போங்ணா."

அந்த வாரம் முழுக்கக் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று 'வலது, இடது' என்று சொல்லிப் பார்த்தார். தனியாக இருக்கும்போது அட்சரம் பிசகாமல் வந்தது. எப்போதுமே அப்படித்தான்.

சனிக்கிழமை வந்தது. வழக்கமாகத் துப்பாக்கி வாங்குகிற மேசைக்குப் போனார். ரெஜினா குறுக்கே நின்றாள்.

"இன்னைக்கு உங்களுக்குத் துப்பாக்கி இல்லைங்ணா."

"அ... அப்ப நான் என்ன பண்றது?"

"பாருங்க."

பர்வீன் முன்தடுப்பில் மண்டியிட்டிருந்தாள். நேரே மட்டும்தான் பார்க்க வேண்டும், பின்னாலிருந்து குரல் வராமல் எந்தப் பக்கமும் திரும்பக் கூடாது என்று அவளுக்கு உத்தரவு. தெய்வசிகாமணி பத்தடி பின்னால், வெறுங்கையோடு. எதிரணியில் ஒருவன் வலது பக்கமாகவோ இடது பக்கமாகவோ வருவான்.

ரெஜினா விசில் ஊதினாள்.

வலது பக்கம் வந்தான். பார்த்தார். 'வ' வந்து உதட்டில் ஒட்டிக்கொண்டது. கை தன்னால் மேலே போனது. அதில் ஒன்றும் இல்லை. டப், டப். பர்வீன் கையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். சாயத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, அதே இடத்தில், அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

இரண்டாவது தடவையும் அப்படியே. இந்த முறை முதுகில் பட்டது. 'ஸ்ஸ்' என்று அவள் இழுத்த மூச்சு பத்தடி தாண்டி அவருக்குக் கேட்டது.

தெய்வசிகாமணி ரெஜினாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். போதும் என்று அர்த்தம். ரெஜினா விசிலை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

பர்வீன் மறுபடி வந்து உட்கார்ந்தாள். திரும்பாமலே சொன்னாள்: "கடையைத் திறக்கப் பதினோரு மணிக்குப் போனாப் போதும்ணா. இன்னும் நிறைய நேரம் இருக்கு."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. முகமூடிக்குள் துடைக்கவும் வழியில்லை. விசில் ஊதியதைக்கூட அவர் சரியாகக் கவனிக்கவில்லை. மங்கலான கண்ணாடியில் இடது ஓரம் ஒரு நிழல் ஓடியது. ஒத்திகை பார்க்க நேரமில்லை. வாயை இறுக்கவும் மறந்துபோனார்.

"இ... இ... இ..."

கிறீச்சென்ற சத்தம். அது அவர் குரல் மாதிரியே இல்லை. அடுத்த எழுத்து வரவில்லை. வாய் திறந்தபடியே நின்றார்.

பர்வீன் இடது பக்கம் சுழன்று சுட்டாள். ஓடி வந்தவன் நெஞ்சில் மஞ்சள் சாயத்தோடு நின்று, சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினான்.

ஆட்டம் முடிந்ததும் பர்வீன் பையை மாட்டிக்கொண்டு, அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனாள். அவர் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ரெஜினா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பட்டியல் எழுதிய தாள் அவள் மடியில் இருந்தது.

"பேரை எடுத்துரட்டுங்களாண்ணா?"

அவர் தாளைப் பார்த்தார். அவள் காத்திருந்தாள்.

"வா... வார்த்தை முழுசா வரலை கோச். எப்பவும்போலப் பா... பாதியிலேயே நின்னுடுச்சு."

"மீதியை பர்வீன் சொன்னாளா?"

"இல்லை."

"அப்ப என்ன பண்ணா?"

தெய்வசிகாமணி யோசித்தார்.

"தி... திரும்பினா."

"அப்புறம் மீதி எதுக்குங்ணா?"