இரண்டு பாத்தி மாவு

மேல்மலையில் இருந்த அந்த ஆசிரமத்தின் குருவுக்கு நாற்பத்தொரு வயது. பெயர் அபரஞ்சி. சீடர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். துறவு கொள்ளும் முன்பு பதினைந்து ஆண்டுகள், நெடுஞ்சாலை ஓரத்தில் அப்பாவின் பரோட்டாக் கடையில் மாவு பிசைந்தவர். அதை அவர் மறைத்ததும் இல்லை, பெருமையாகச் சொன்னதும் இல்லை.

சீடர் மாசிலாமணிக்கு அறுபத்திரண்டு. வேளாண்மைத் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு மலைக்கு வந்து சேர்ந்தார். கேள்வி கேட்கும்போதே பதிலையும் சட்டைப் பையில் வைத்திருப்பார். அதிகாரியாக இருந்தவர்களுக்கு வருகிற வியாதி அது.

அன்று காலை ஒன்பதரை மணிக்குச் சமையற்கட்டுக்குள் வந்தார். கையில் ஒரு சீட்டு.

"அம்மா, நம்ம கோதுமைக்கு லேப்ல இருந்து முடிவு வந்துருச்சு."

"என்ன சொல்லுது?"

"ரெண்டு பாத்திக்கும் புரதம் நூத்துக்குப் பதினாலு. துளி வித்தியாசம் இல்ல."

ஆசிரமத்தின் கோதுமைப் பாத்திகள் இரண்டும் அவர் பொறுப்பில் இருந்தன. கீழ்ப் பாத்திக்குத் தண்ணீரும் யூரியாவும் தாராளமாகக் கொடுத்திருந்தார். கதிர் வெளிவந்த பிறகும் விடவில்லை, மூன்றாம் தடவையாக ஒரு வீச்சு வீசினார். மேட்டுப் பாத்திக்கு யூரியாவே கிடையாது. கதிர் தலை காட்டியதும் வாய்க்காலையும் அடைத்துவிட்டார். என்ன ஆகிறது பார்க்கலாம் என்றுதான்.

"நல்லது. அதுக்கு ஏன் முகம் இப்படி இருக்கு?" என்றார் குரு.

மாசிலாமணி சீட்டை நான்காக மடித்தார்.

"என் மகன் இளம்பரிதி நேத்து போன் பண்ணினான். இங்க வரலாமான்னு கேட்டான். நான் பதில் சொல்லல. அவனே பன்னெண்டு மணி பஸ்ல வர்றேன்னுட்டு வச்சுட்டான்."

"வரட்டுமே."

"வேணாம்மா." குரல் கொஞ்சம் உயர்ந்தது. "அவனுக்கு நான் என்ன குறை வச்சேன்? கேட்ட காலேஜு. கேட்ட வண்டி. வேலையும் நானே நாலு பேரைப் பார்த்து வாங்கிக் கொடுத்தேன். ஒரு மேலதிகாரி திட்டினான்னு விட்டுட்டு வந்தான். கடை வச்சுக் கொடுத்தேன். முதல் நஷ்டத்துல சாத்திட்டான். இருபத்தெட்டு வயசு. ரெண்டு வருஷமா ரூம் கதவைப் பூட்டிக்கிட்டுப் படுத்துக் கிடக்கான்."

"இப்ப எழுந்து பஸ் ஏறியிருக்கான் போல."

மாசிலாமணி அதைக் காதில் வாங்கவில்லை.

"இந்தச் சீட்டைப் பார்த்ததும் எனக்குப் புரிஞ்சு போச்சு. கொட்டிக் கொட்டி வளத்தாலும் பதினாலு. காயப் போட்டாலும் பதினாலு. அவனை ஊட்டி வளத்தேன், உருப்படல. இனிமே காயப் போடப் போறேன். பஸ் நிக்கிற இடத்துலயே பார்த்து, அதே பஸ்ல திருப்பி அனுப்பிடுறேன். நீங்க ஒரு வார்த்தை சரின்னு சொல்லணும்."

"அவன் மாறுவான்னு நம்பிக்கை இல்லையா?"

"ஐந்துல வளையாதது ஐம்பதுல வளையுமாம்மா?"

"நீங்க அறுபதுல வந்து வளையுறேன்னு நிக்கிறீங்களே."

பக்கத்தில் பருப்பு ஆய்ந்துகொண்டிருந்த பெண் சிரித்துவிட்டாள். மாசிலாமணிக்குக் காது சிவந்தது.

குரு முந்தானையைச் செருகிக்கொண்டார். "இன்னிக்கு மதியம் முப்பது பேர். சப்பாத்தி. ரெண்டு பாத்தி மாவையும் தனித்தனியாப் பிசைங்க. உங்க கேள்விக்கு அப்புறம் வர்றேன்."

மாசிலாமணி பிசைந்தார். எதைச் செய்தாலும் ஒழுங்காகச் செய்கிற மனிதர். இரண்டு மாவுக்கும் ஒரே அளவு தண்ணீர், ஒரே அளவு உப்பு. ஈரத்துணி போட்டு மூடி, கடிகாரத்தைப் பார்த்து அரை மணி நேரம் ஊற வைத்தார். பிறகு தேய்க்க உட்கார்ந்தார்.

கீழ்ப் பாத்தி மாவு சொன்ன பேச்சைக் கேட்டது. கட்டை தொட்டதும் பரவியது. ரொம்பவே கேட்டது, அதுதான் தொல்லை. கல்லில் போடக் கையில் எடுத்தார். துவைத்துப் பிழியாத துண்டு மாதிரி நீளமாகத் தொங்கி நடுவில் கிழிந்தது. இரண்டாவதும் கிழிந்தது.

மேட்டுப் பாத்தி மாவை எடுத்தார். அது எதையுமே கேட்கவில்லை. பலம் கொண்ட மட்டும் தேய்த்துத் தட்டு அளவுக்குக் கொண்டு வந்தார். கட்டையை எடுத்ததும் பூரி அளவுக்குச் சுருங்கி உட்கார்ந்துகொண்டது. மறுபடி தேய்த்தார், ஓரத்தில் வெடித்தது. கல்லில் போட்டால் தடித்து விறைத்தது. பருப்பு ஆய்ந்த பெண் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு மரியாதையாகக் கீழே வைத்தாள்.

"என் கைதான் சரியில்ல போல" என்றார் மாசிலாமணி.

"ரெண்டுக்கும் அதே கைதானே?"

"அப்ப சீட்டுத் தப்பா?"

"சீட்டு ஏன் தப்பாகணும்?"

குரு ஒரு பாத்திரத்தில் தண்ணீர் எடுத்தார். கீழ்ப் பாத்தி மாவில் ஓர் உருண்டையை எடுத்துத் தண்ணீருக்குள் வைத்துப் பிசைந்து பிசைந்து கழுவினார். தண்ணீர் பாலாக வெளுத்தது. அதைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் மாற்றினார். வெள்ளை நின்றபோது உள்ளங்கையில் கொஞ்சம் பசை மட்டும் மிஞ்சியது. மேட்டுப் பாத்தி மாவையும் அப்படியே கழுவினார்.

"இதுதானே உங்க பதினாலு?"

"ஆமாம்மா. மாவுச்சத்து கரைஞ்சு போச்சு. இதுதான் புரதம்."

"இழுத்துப் பாருங்க."

மாசிலாமணி முதல் பசையை இழுத்தார். இழுத்த இழுப்புக்கெல்லாம் வந்தது. விட்டதும் அப்படியே தொய்ந்து கிடந்தது. இரண்டாவதை இழுத்தார். வர மறுத்தது. கொஞ்சம் முரட்டுத்தனமாக இழுத்ததும் பட்டென்று அறுந்தது.

"எவ்வளவுன்னு சீட்டு சொல்லிருச்சு" என்றார் குரு. "எப்படின்னு அதை யாரும் கேக்கல."

மாசிலாமணி இரண்டு துண்டுகளையும் கையில் வைத்துக்கொண்டு நின்றார். முப்பத்தைந்து வருடம் விவசாயிகளுக்கு வகுப்பு எடுத்தவர்.

"மேட்டுப் பாத்தியில மணி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார் குரு.

"சுருங்கித்தான் இருந்துச்சு. பால் பிடிக்கிற நேரத்துல தண்ணி இல்ல. மாவுச்சத்து ஏறல. அதனால..." நிறுத்தினார்.

"அதனால?"

"விகிதத்துல புரதம் கூடித் தெரியுது."

"புரதம் நிறைய வந்துச்சா? இல்ல, மத்தது வராமப் போச்சா?"

"மத்ததுதாம்மா வராமப் போச்சு."

தன் மகனைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று இப்போதுதான் அவருக்கு உறைத்தது. திருப்பி அனுப்பினால் மகன் விறைத்துக்கொள்வான்; அதைப் பார்த்துத் தேறிவிட்டான் என்று தான் சந்தோஷப்படுவோம். அப்படி நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

குரு பேசிக்கொண்டு நிற்கவில்லை. இரண்டு மாவையும் பாதிப் பாதியாக ஒரே தாம்பாளத்தில் போட்டார். மேலே கொஞ்சம் தண்ணீர் தெளித்து, மணிக்கட்டால் அழுத்தி, மடித்து, திருப்பி, மறுபடி அழுத்தினார். முதலில் இரண்டும் சேரவில்லை. தளர்ந்தது ஒரு பக்கம் வழிந்தது, முரண்டு பிடித்தது ஒரு பக்கம் கட்டியாக நின்றது. அவர் அவசரப்படவில்லை. பத்து நிமிடத்தில் எது எங்கே என்று தெரியாமல் போனது. துணி போட்டு மூடினார்.

"உங்கப்பா கடையில எப்பவுமே நல்ல மாவு கிடைக்குமாம்மா?" என்று கேட்டார் மாசிலாமணி.

"எங்க? ஒரு மாசம் பஞ்சு மாதிரி வரும், ஒரு மாசம் ரப்பர் மாதிரி வரும்."

"திருப்பி அனுப்பிடுவீங்களா?"

"திருப்பி அனுப்பிக்கிட்டே இருந்தா எங்கப்பா கடை நடத்தியிருக்க மாட்டாரு, மூட்டைதான் தூக்கியிருப்பாரு."

மாவு ஊறிய பிறகு மாசிலாமணியே தேய்த்தார். விரிந்தது. விரிந்த இடத்திலேயே நின்றது. கல்லில் போட்டதும் உப்பி எழுந்தது. பருப்பு ஆய்ந்த பெண் கேட்காமலே ஒன்றை எடுத்துக்கொண்டாள். இந்த முறை கீழே வைக்கவில்லை.

மாசிலாமணிக்கு அதில் சந்தோஷம் இல்லை. கட்டையைக் கீழே வைத்தார்.

"தப்பெல்லாம் என்னோடதும்மா. வேணாத நேரத்துல கொட்டினேன். வேணுங்கிற நேரத்துல அடைக்கப் பார்த்தேன். ஆனா இப்ப என்ன செய்ய முடியும்? கதிர் முத்தி, அறுத்து, அரைச்சும் ஆச்சு. இனிமே யூரியா போட்டும் பிரயோஜனம் இல்ல, தண்ணியை நிறுத்தியும் பிரயோஜனம் இல்ல."

"ஆமா" என்றார் குரு. "வயல் வேலை முடிஞ்சு போச்சு."

மாசிலாமணியின் கண் கலங்கியது. ஆறுதலாக ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்திருப்பார். வரவில்லை. குரு அடுத்த சப்பாத்தியைத் திருப்பிப் போட்டார்.

கீழே வளைவில் பஸ்சின் ஹாரன் கேட்டது. சிறிது நேரத்தில் சன்னல் வழியே ஆள் தெரிந்தது. ஒல்லியாக, தோளில் ஒரு பையுடன், வாசற்படிக்கு வெளியே நின்றான். உள்ளே வரலாமா என்று தெரியாமல் பையின் வாரைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தான்.

மாசிலாமணி எழுந்தார். வாசல் வரை போகிறவர் மாதிரி இரண்டு அடி வைத்தார். திரும்பி வந்தார். அறுபத்திரண்டு வயதில் முதல்முறையாக அவர் சட்டைப் பையில் பதில் இல்லை.

"அம்மா, அவன்கிட்ட நான் என்ன சொல்லட்டும்?"

குரு கல்லிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

"கையைக் கழுவிட்டு உள்ள வரச் சொல்லுங்க. பிசையுற வேலை இன்னும் அப்படியே கிடக்கு."