அஞ்சலைக்குத் தைத்த சட்டை

சுரைக்காமேடு என்ற ஊரில் ஊர்ப் பொதுவுக்கென்று ஒரு விதைநெல் கிடங்கு இருந்தது. அதற்கு மூன்று காவலாளிகள். மூத்தவர் ஏகாம்பரம், நடுவில் மாசிலாமணி, இளையவன் துளுக்காணம். மூன்று பேருமே தங்கமானவர்கள். பொய் பேச மாட்டார்கள், வேலைக்கு மட்டம் போட மாட்டார்கள், சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். இந்த மூன்றாவது குணத்தால்தான் ஊர் கொஞ்சம் அவதிப்பட்டது.

வேலையில் சேர்ந்த அன்று ஊர்த்தலைவர், "கதவைப் பாத்துக்குங்கப்பா" என்று சொல்லியிருந்தார். அன்றிலிருந்து மூவரும் கதவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்கள். பின்சுவரில் எலிகள் துளை போட்டு உள்ளே குடித்தனம் தொடங்கியதை அவர்கள் கவனிக்காததில் தப்பே இல்லை. பின்சுவரைப் பார்க்கும்படி அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

விதைப்புக்கு ஒரு மாதம் இருக்கும்போது தலைவர் வந்து மூட்டைகளைத் தூக்கிப் பார்த்தார். பாதி மூட்டைகள் சல்லடையாகியிருந்தன.

"விதைப்புக்குள்ள எலி ஒழியணும். இல்லைன்னா நீங்க மூணு பேரும் ஒழியணும்" என்று கத்திவிட்டுப் போனார்.

துளுக்காணம் அப்போதே போய் ஒரு மூட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். "விதைப்பு வரைக்கும் பொறுடா" என்று மாசிலாமணி அவன் கையைப் பிடித்து வெளியே இழுத்தான்.

ஏகாம்பரத்துக்கு அன்று சோறு இறங்கவில்லை. பதினாறு வருஷமாக அந்தக் கதவைத் தவிர அவர் வேறு எதையும் பார்த்ததில்லை. இந்த வேலை போனால் இந்த வயதில் எந்தக் கதவைப் போய்ப் பார்ப்பது?

ஏரிக்கு அக்கரையில் கன்னியம்மா என்று ஒருத்தி இருந்தாள். பாம்பு பிடிப்பதில் கெட்டிக்காரி. ஏகாம்பரம் அவளிடம் போய் அழாத குறையாகச் சொன்னார். அவள் ஒரு கூடையில் பொட்டைச் சாரை ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

"விஷம் கிடையாதுண்ணே, பயப்படாதீங்க. ஒரு மாசத்துல எலியை எல்லாம் காலி பண்ணிடும். புது இடம், அதனால விருந்தாளி மாதிரி பாத்துக்குங்க."

பாம்புக்கு அஞ்சலை என்று பெயர் வைத்தார்கள். விருந்தாளி என்பதால் பாய் விரித்து, தலைவாழை இலை போட்டு, சோறு, சாம்பார், இரண்டு பொரியல், அப்பளம் எல்லாம் பரிமாறினார்கள். அஞ்சலை இலையைச் சுற்றி ஒரு வட்டம் வந்தாள். அப்பளம் நொறுங்கிய சத்தத்தில் மிரண்டு இலைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

"உப்பு கம்மியா இருக்குமோ?" என்றான் துளுக்காணம்.

மூன்று நாள் இப்படியே போயிற்று. அஞ்சலை ஒரு பருக்கையைத் தொடவில்லை. எலிகள்தான் இரண்டு பொரியலையும் ருசி பார்த்தன. ஏகாம்பரத்துக்கு இதற்குள் வேலை போய்விடுமே என்ற கவலை பாதி, அந்தப் பெண் பட்டினி கிடக்கிறாளே என்ற கவலை பாதி. நான்காம் நாள் ஏரியைச் சுற்றிக்கொண்டு ஓடினார்.

கன்னியம்மா நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சோறு போட்டா பாம்பு தின்னுமாண்ணே? எதையும் போடாதீங்க. ரெண்டு நாள் வயித்தைக் காயப் போடுங்க. தானா பசி எடுக்கும்."

ஏகாம்பரம் வந்து விஷயத்தைச் சொன்னார். உடனே கிடங்கு வாசலில் ஈச்சம்பாய் விரிக்கப்பட்டது. ஆனால் ஒரு சிக்கல்.

"காயப் போடலாம், சரி. பாம்புக்கு வயிறு எதுன்னு கண்டுபிடிக்கணுமே" என்றான் மாசிலாமணி.

"தலைக்குக் கீழ கழுத்து. கழுத்துக்குக் கீழ வயிறு" என்றார் ஏகாம்பரம்.

"கழுத்து எங்கண்ணே முடியுது?"

"வயிறு தொடங்குற இடத்துல."

மாசிலாமணிக்கு இந்தப் பதில் திருப்தியாக இருந்தது. மூவரும் அஞ்சலையை மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். அவள் புரண்டு குப்புறப் படுத்தாள். மறுபடி மல்லாக்கப் போட்டார்கள். மறுபடி புரண்டாள். இளவெயில் ஏறுவதற்குள் அறுபது தடவை புரட்டியிருப்பார்கள். முகத்தில் வெயில் படக் கூடாது என்று துளுக்காணம் தலைப்பக்கம் குடை பிடித்துக்கொண்டு கூடவே புரண்டான். ஏகாம்பரம் அவ்வப்போது வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"நல்லா காஞ்சிடுச்சுப்பா. வடகம் மாதிரி இருக்கு."

காய்ந்த வயிற்றோடு அஞ்சலையை உள்ளே கொண்டுபோய் விட்டார்கள். அவள் மூட்டைச் சந்துக்குள் புகுந்துகொண்டு இரண்டு நாள் வெளியே தலை காட்டவில்லை. எதிரிலேயே எலிகள் ஓடிப்பிடித்து விளையாடின.

ஏகாம்பரம் மறுபடி ஏரியைச் சுற்றினார்.

"நீங்க சொன்னபடி வயிறு நல்லா காஞ்சிடுச்சு கன்னியம்மா. எலி அத்தனை ஓடுது, ஒண்ணைக்கூடத் தொட மாட்டேங்குறா."

"சந்துக்குள்ள கிடந்தா அதுக்கு எப்படித் தெரியும்? எலி கண்ணுல படணும்ணே. கண்ணுல பட்டாதான் பிடிக்கும்."

எலி பிடிக்க ஒரு பகல் ஆயிற்று. பிடித்தது துளுக்காணம். சரியாகச் சொன்னால், எலிதான் அவன் கட்டை விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு வந்தான்.

"எந்தக் கண்ணுல படணும்னு சொன்னாங்களா?" என்று கேட்டான் மாசிலாமணி.

ஏகாம்பரம் தலையைச் சொறிந்தார். கேட்காமல் வந்துவிட்டார். "வலது கண்ணுலயே படட்டும். நல்ல காரியம்."

"நமக்கு வலதா, அவளுக்கு வலதா?"

இதை முடிவு செய்ய மாசிலாமணி அஞ்சலையின் பக்கத்தில் அவளைப் போலவே குப்புறப் படுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. பிறகு துளுக்காணம் எலியை மெதுவாகக் கொண்டுபோய் அவள் வலது கண்ணில் பட வைத்தான். பட்டது எலியின் பின்பக்கம். அஞ்சலை ஒரு சீறு சீறிவிட்டுத் தலையைச் சுருளுக்குள் புதைத்துக்கொண்டாள். எலி இதுதான் சமயம் என்று விரலை விட்டுவிட்டு ஓடிப்போயிற்று.

மறுநாள் காலை ஏகாம்பரம் அஞ்சலையின் முகத்தைப் பார்த்து அலறிவிட்டார். இரண்டு கண்ணும் வெள்ளை பூத்து, பால் ஊற்றியது போல் மங்கிக் கிடந்தன.

"ஒரு கண்ணுல தானேடா பட்டுச்சு! ரெண்டும் போச்சே!"

துளுக்காணம் தேம்பித் தேம்பி அழுதான். "நான் மெதுவாத்தாண்ணே பட வச்சேன்."

ஏகாம்பரம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே மூன்றாவது தடவையாக ஏரியைச் சுற்றி ஓடினார். கண் வெளுத்த கதையைக் கேட்டதும் கன்னியம்மா சிரித்துவிட்டாள்.

"அட, அது சட்டை கழட்டப் போவுதுண்ணே! அந்த நேரத்துல கண்ணு அப்படித்தான் மங்கும், எதையும் தொடாது. சட்டையைக் கழட்டிப் போட்டதும் அகோரப் பசி பசிக்கும் பாருங்க. தனி அறையில விட்டு, கூட ஒரு எலியையும் விட்டு, கதவைச் சாத்திட்டு வந்துடுங்க. மூணு நாள் எட்டிப் பாக்காதீங்க."

ஏகாம்பரம் நிம்மதியோடு திரும்பினார். ஆனால் பாதி வழியிலேயே அவர் நடை தளர்ந்துவிட்டது. கிடங்குக்கு வந்ததும் மூவரும் அஞ்சலையைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"சட்டையைக் கழட்டினாத்தான் சாப்பிடுவாளாம்" என்றார் ஏகாம்பரம்.

மூவரும் அஞ்சலையைத் தலை முதல் வால் வரை ஒரு தடவை பார்த்தார்கள்.

"அவ சட்டையே போடலையேண்ணே" என்றான் துளுக்காணம் மெல்ல.

"அதைத்தான்டா நானும் வழியெல்லாம் யோசிச்சுட்டு வந்தேன். வந்து பத்து நாளாச்சு. ஒரு சட்டை எடுத்துக் குடுக்கணும்னு நமக்குத் தோணலையே. கழட்டுறதுக்கு ஒண்ணும் இல்லாம அந்தப் பொண்ணு எத்தனை நாள் பட்டினி கிடந்திருக்கா!"

அஞ்சலையைக் கூடையில் வைத்து டைலர் பரசுராமனிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். அவரும் அதே ஊர்க்காரர்தான். நாடாவை எடுத்து மார்பளவு பார்த்தார், இடுப்பளவு பார்த்தார். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. "நல்ல உடம்புவாகு" என்று பாராட்டினார். பிறகு பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு, "கை வைக்கணுமா, வேணாமா?" என்று கேட்டார்.

"கை இல்லாதவளுக்குக் கை வச்சுத் தைச்சா அவ மனசு என்ன பாடுபடும்?" என்றான் மாசிலாமணி.

"கை இல்லாம தைச்சா, உனக்குக் கை இல்லைன்னு ஊருக்கே சொல்லிக் காட்டுற மாதிரி ஆயிடாதா?" என்றான் துளுக்காணம்.

இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. மத்தியானம் வரைக்கும் பேசிக் கடைசியில் அரைக்கை வைப்பது என்று முடிவாயிற்று. துணிக்கு எலி கடித்த ஒரு கோணிச்சாக்கைக் கொடுத்தார்கள். பரசுராமன் ஆறடி நீளத்தில், இருபத்தெட்டுப் பொத்தான் வைத்து, காலரோடு தைத்துக் கொடுத்தார். பாக்கெட்டும் வைத்திருந்தார். பாக்கெட் இல்லாத சட்டை அவர் கையால் வெளியே போனதில்லை.

கிடங்கை ஒட்டிய சின்ன அறையில் காலரை விரித்துப் பிடித்தார்கள். உள்ளே இருட்டாகவும் கதகதப்பாகவும் இருப்பதைக் கண்ட அஞ்சலை, வந்த நாளிலிருந்து முதல் தடவையாகச் சந்தோஷமாக நகர்ந்து அதற்குள் புகுந்துகொண்டாள்.

"பாருடா, எவ்வளவு ஆசையாப் போட்டுக்கறா!" ஏகாம்பரத்துக்குக் கண் கலங்கியது.

ஒரு கொழுத்த எலியையும் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். மூன்று நாள் எட்டிப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். அந்த வேலையில் அவர்களுக்கு நல்ல பழக்கம் இருந்தது.

நான்காம் நாள் காலை திறந்தார்கள். சட்டை ஒரு ஓரமாகக் கிடந்தது. அஞ்சலை இன்னொரு ஓரத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்தவள் மாதிரி பளபளவென்று படுத்திருந்தாள். கண்கள் மணிமணியாகத் தெளிந்திருந்தன. மாசிலாமணி சட்டையை உதறினான். உள்ளேயிருந்து மெல்லிசாக, வெள்ளையாக, ஆறடி நீளத்துக்கு ஏதோ விழுந்தது.

"இது என்னண்ணே?"

ஏகாம்பரம் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். "உள் பனியன்டா. மடிச்சு வை. கண்ட ஆம்பளைங்க பாக்கக் கூடாது."

அப்போதுதான் துளுக்காணம் இரண்டு விஷயங்களைக் கவனித்தான். ஒன்று, அஞ்சலையின் வயிறு நடுவில் உருண்டையாக மேடிட்டிருந்தது. இரண்டு, எலியைக் காணவில்லை.

"தின்னிருப்பாளோ?" என்றான்.

"தின்னா வாலாவது மிச்சம் கிடக்காதா? எலும்பு எங்க? ஒரு சொட்டு எச்சிலாவது தரையில இருக்கா?" என்றான் மாசிலாமணி. பிறகு குரலைத் தாழ்த்தினான். "பொம்பளைப் பிள்ளைக்கு மூணு நாள்ல வயிறு பெருத்திருக்குண்ணே. கூட இருந்தவன் தலைமறைவாயிட்டான். இதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்ல?"

ஏகாம்பரம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கன்னியம்மா நம்பிக் கொடுத்த பெண். ஒரு வாலிப எலியோடு அறையில் விட்டுக் கதவைச் சாத்தியது தானேதான்.  பிறகு எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"நடந்தது நடந்துபோச்சு. பையன் ஓடினா என்ன, அவனுக்குப் பெரியவங்க இல்லாமலா போயிட்டாங்க? முறையாப் போய்ப் பேசுவோம்."

தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், பூ, ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்து, மூவரும் பின்சுவருக்குப் போனார்கள். பெரிய துளையின் முன்னால் தட்டை வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார்கள்.

"பெரியவங்க தப்பா நினைக்கக் கூடாது" என்று ஏகாம்பரம் தொண்டையைச் செருமினார். "எங்க பொண்ணு முழுகாம இருக்கா. உங்க பையன்தான் காரணம். நாங்க சண்டைக்கு வரலை. சம்மதம்னா தட்டை எடுத்துக்குங்க."

சற்று நேரத்தில் ஒரு கிழட்டு எலி எட்டிப் பார்த்தது. மூவரையும் ஒரு பார்வை பார்த்தது. ஒரு வாழைப்பழத்தைக் கவ்விக்கொண்டு உள்ளே போயிற்று.

"சம்மதிச்சுட்டாங்க!" துளுக்காணம் மாசிலாமணியைக் கட்டிக்கொண்டான்.

இனிமேல் சம்பந்தி வீட்டார் மூட்டையைப் பல்லால் கிழித்துத் தின்பது மரியாதையாக இருக்காது என்று, ஒரு மூட்டையின் வாயை இவர்களே அவிழ்த்து, முறத்தில் நெல்லைக் கொட்டி நடுக்கூடத்தில் வைத்தார்கள். பொண்ணு தனியாகக் கிடக்கிறாளே என்று அஞ்சலையையும் கூட்டிவந்து கூடத்தில் விட்டார்கள். எலிகள் பயமில்லாமல் வரிசையாக வந்தன. ஏகாம்பரம் ஒவ்வொன்றிடமும் குனிந்து, "கூச்சப்படாம சாப்பிடுங்க" என்று உபசரித்தார். அஞ்சலை அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் காலையில் அவள் வயிற்றில் இரண்டு மேடுகள் இருந்தன.

"ரெட்டைப் பிள்ளை!" என்று மூவரும் குதித்தார்கள்.

அதற்குப் பிறகு சம்பந்தி வீட்டில் வரத்துக் குறைந்துகொண்டே வந்தது. தினம் ஒருத்தர், இரண்டு பேர் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போனார்கள். பிரசவம் நெருங்குகிற நேரத்தில் இப்படி ஊரைவிட்டுப் போகிறார்களே என்று ஏகாம்பரத்துக்கு மனத்தாங்கல்தான். விதைப்புக்கு முன் வந்த தலைவர் கிடங்கு முழுக்கத் தேடியும் ஓர் எலியைக் காணவில்லை. மிச்சமிருந்த நெல் விதைக்கப் போதும் என்று கண்டு, மூவரையும் முதுகில் தட்டிக் கொடுத்து, வேலை உங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். எதற்குத் தட்டினார் என்று அவர்களுக்கு விளங்கவில்லை. தாத்தா ஆகப் போகிறவரை யாரும் தட்டிக் கொடுப்பது வழக்கம்தான் என்று ஏகாம்பரம் எடுத்துக்கொண்டார்.

அன்றே தச்சாசாரி வீட்டுக்குப் போய் இரண்டு தொட்டில் வேண்டும் என்றார். ஆசாரி விவரம் எல்லாம் கேட்டுக்கொண்டு, உளியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.

"பிள்ளைங்க அம்மா ஜாடையா வருமா, அப்பா ஜாடையா வருமா? அது தெரியாம நான் எப்படி நீளம் போடுறது?"

"அதுக்குத்தான் ஆசாரி ரெண்டு. ஒண்ணு நீட்டமா செய்யுங்க, ஒண்ணு குட்டையா செய்யுங்க."

"சரி, வாலு தொங்க ஓட்டை எதுல விடணும்?"

ஏகாம்பரம் பெருமையோடு மீசையைத் தடவிக்கொண்டார்.

"ரெண்டுலயும் விட்டுடுங்க. வாலு ரெண்டு குடும்பத்துலயும் உண்டு."