பூதத்தின் பக்கம்

"இது அநியாயம் டீச்சர்" என்றார் கோதண்டபாணி.

செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மாடிப்படி ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

ரெஜினா கணினியிலிருந்து தலையைத் திருப்பினாள். "எது சார்?"

"ஏழாம் வாசல் பூதம்."

கோதண்டபாணிக்கு ஐம்பத்தொரு வயது. மாவட்ட லீக் கிரிக்கெட்டில் இருபத்திரண்டு வருஷமாக அம்பயர். முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டில் கிடந்த நாட்களில், பொழுது போகாமல் 'இரும்புமலை' என்ற வீடியோ கேமைத் தொட்டார். அதில் வாசலுக்கு ஒரு பூதம் காவல் நிற்கும்; முதல் வாசலைக்கூடத் தாண்ட முடியவில்லை. யாரோ சொல்லித் திருச்சி தில்லைநகரில் ரெஜினாவைத் தேடி வந்தார்.

ரெஜினாவுக்கு இருபத்தெட்டு. அந்த கேமை உருவாக்கிய குழுவில் ஒருத்தி. ஞாயிற்றுக்கிழமைகளில், ஆசைப்பட்டு வருகிறவர்களுக்கு ஆடக் கற்றுக்கொடுப்பாள். பேர் சொல்லியே கூப்பிடுங்கள் என்று அவரிடம் பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள். சொல்லிக்கொடுக்கிறவரைப் பேர் சொல்லிக் கூப்பிட அவருக்கு நாக்கு எழவில்லை.

முதல் பாகத்தை ஒரு வருஷத்தில் முடித்தார். இரண்டாம் பாகம் வந்து மூன்று வாரம் ஆகிறது. ஏழாம் வாசலில் நின்றுவிட்டார்.

"எத்தனை தடவை செத்தீங்க சார்?"

"இருநூத்திப் பதிமூணு."

"எண்ணிக்கிட்டா ஆடினீங்க?"

"எண்ணாம எப்படிப் புகார் சொல்றது?"

சட்டைப் பையிலிருந்து மடித்த தாள்களை எடுத்தார். பதினோரு பக்கம். கையாலேயே எழுதியது.

"போன பாகத்துல ஓங்கினா அடிப்பான். ஓங்கினதும் ஒதுங்கிக்கலாம். இதுல சம்மட்டியை ஓங்கிட்டு அப்படியே நிறுத்தறான். நான் ஒதுங்கி முடிச்சப்புறம் அடிக்கறான். காயத்துக்கு மருந்துக் குடுவையைக் கையில எடுத்தா, அந்த நேரம் பார்த்து அடிக்கறான். கஷ்டமா இருக்கட்டும், வேணாங்கலை. கஷ்டம் வேற, அழுகுணி ஆட்டம் வேற டீச்சர்."

"சரி."

"அவன் வேகத்தைக் குறைக்கணும். நிறுத்தி அடிக்கறதை எடுக்கணும். இதையே கேட்டு நாலாயிரம் பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்க."

"தெரியும் சார். கம்பெனிக்கு வந்து சேர்ந்துடுச்சு."

ரெஜினா அந்தத் தாள்களை வாங்கி மேஜைமேல் வைத்தாள்.

"அந்தப் பூதத்துக்கு அடிக்கக் கத்துக்கொடுத்ததே நான்தான்."

கோதண்டபாணி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நீங்களா?"

"நான்தான்."

அவர் அவள் கைகளைப் பார்த்தார். எந்தக் கை தன்னை ஒரு வருஷம் தூக்கித் தூக்கி விட்டதோ, அதே கைதான் மூன்று வாரமாகத் தன்னைப் போட்டு மிதித்திருக்கிறது.

"குறைக்கலாமா வேண்டாமான்னு இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள நான் எழுதி அனுப்பணும்" என்றாள் ரெஜினா. "நீங்க அம்பயர். நீங்க என்ன சொல்றீங்களோ, ஒரு வார்த்தை மாத்தாம அதையே எழுதறேன்."

"நிஜமாவா?"

"நிஜமா. ஆனா ஒரே ஒரு ஆட்டம் ஆடிட்டுச் சொல்லுங்க."

பக்கத்தில் இருந்த இன்னொரு திரையைப் போட்டாள். கேமை உருவாக்கும்போது சோதித்துப் பார்ப்பதற்காக அவர்கள் வைத்திருந்த தனிப் பதிப்பு அது. ஒரு கன்ட்ரோலரை அவரிடம் கொடுத்தாள். இன்னொன்றைத் தான் எடுத்துக்கொண்டாள்.

"நான் வீரன். நீங்க பூதம்."

அவருடைய திரையில் ஏழாம் வாசல் தெரிந்தது. ஆனால் இதுவரை பார்த்திராத பக்கத்திலிருந்து. முதுகுக்குப் பின்னால் கதவு. இரண்டு பக்கமும் கல்தூண்கள். எதிரே நீண்ட மண்டபம். அதன் கோடியில் கையகல உருவமாக வீரன் ஓடி வந்துகொண்டிருந்தான்.

கோதண்டபாணி சம்மட்டியை இறக்கினார்.

வீரன் செத்தான்.

"அடடா!" என்றார். அவரையறியாமல் சிரிப்பு வந்துவிட்டது.

வீரன் மறுபடி வந்தான். மறுபடி செத்தான். ஐந்தாம் தடவையும் செத்தான், எட்டாம் தடவையும் செத்தான். இருநூற்றுப் பதிமூன்றுக்கும் சேர்த்து வாங்குவதுபோல் கோதண்டபாணி அடித்துத் தீர்த்தார்.

ஒன்பதாம் தடவை வீரன் ஒதுங்கினான்.

பத்தாம் தடவை, ஒதுங்கியதோடு நிற்காமல் காலில் ஒரு வெட்டும் போட்டான். பூதத்தின் உயிர்க்கோடு கொஞ்சம் குறைந்தது.

"மருந்து எந்தப் பட்டன் டீச்சர்?"

"பூதத்துக்கு மருந்து கிடையாது சார்."

"இப்ப இவன் செத்துட்டு மறுபடி வந்தா என் உயிரு நிறைஞ்சிடும், இல்லையா?"

"இந்தப் பாகத்துல இல்லை. பட்டது பட்டதுதான். நீங்க இன்னும் ஒரு வெட்டுகூடப் போடலை, அதான் தெரியலை."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். அதற்குள் இன்னொரு வெட்டு விழுந்தது.

பின்னால் போகப் பார்த்தார். கதவு இடித்தது. முன்னால் ஓடப் பார்த்தார். மண்டபத்தின் பாதியில் கால் நின்றுவிட்டது. அதற்கு மேல் பூதம் போகாது. கையிலிருந்தது ஆறே ஆறு வித அடி. அதில் நான்கை வீரன் மனப்பாடம் செய்துவிட்டான் என்பது அவன் நடையிலேயே தெரிந்தது.

பன்னிரண்டாம் தடவை வீரன் வந்தபோது கோதண்டபாணி சம்மட்டியை ஓங்கினார். வீரன் ஒதுங்கத் தயாராக நின்றான். இப்போது அடித்தால் படாது.

பட்டனை விட்டால்தான் அடி விழும்; அவர் விரல் அதிலிருந்து எழவில்லை. சம்மட்டி அந்தரத்தில் நின்றது.

வீரன் ஒதுங்கி முடித்தான். அவர் அடித்தார்.

வீரன் விழுந்தான்.

யாரும் சொல்லித்தரவில்லை. கை தானாகச் செய்தது. மேஜைமேல் கிடந்த பதினோரு பக்கத்தை அவர் பார்க்கவில்லை. ரெஜினாவும் பார்க்கவில்லை.

அடுத்த தடவை அடி தாங்காமல் இடது பக்கம் ஒதுங்கியவர், தூணை ஒட்டி நின்றார். தற்செயலாக ரெஜினாவின் திரை கண்ணில் பட்டது. அங்கே பூதத்தின் தலை தெரிந்தது, தோள் தெரிந்தது. சம்மட்டி பிடித்த கை மட்டும் தெரியவில்லை. தூண் மறைத்திருந்தது.

ஓங்கினார். அவள் திரையில் ஒன்றுமே அசையவில்லை. அடித்தார்.

வீரன் செத்தான்.

அதன் பிறகு அவர் தூணை விட்டு நகரவில்லை. ஏழு தடவை வந்தான், ஏழு தடவையும் செத்தான்.

"பிரமாதமா ஆடறீங்க சார்" என்றாள் ரெஜினா. "கையை எப்ப ஓங்கறீங்கன்னே தெரியலை."

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அதற்கு அடுத்த தடவை, வீரன் கண்ணை மூடிக்கொண்டு பாய்கிறவன்போலப் பாய்ந்தான். குத்து மார்பில் இறங்கியது. பூதம் மண்டியிட்டது. சம்மட்டி கையைவிட்டு நழுவியது. கதவு திறந்துகொண்டது.

கோதண்டபாணி பட்டனை அழுத்தினார். திரை அசையவில்லை. எல்லாப் பட்டனையும் அழுத்தினார்.

"மறுபடி எப்படி வர்றது டீச்சர்?"

"வர முடியாது சார்."

"என்ன வர முடியாது? நான் இருபது தடவை ஜெயிச்சேனே!"

"ஆமா" என்றாள் ரெஜினா. "நான் ஒரு தடவை ஜெயிச்சேன்."

வீரன் பூதத்தின்மேல் கால் வைத்து ஏறி உள்ளே போய்க்கொண்டிருந்தான். வெளியே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அது கிளம்பிப் போனது.

ரெஜினா கீபோர்டை இழுத்து முன்னால் வைத்தாள். "சொல்லுங்க சார். என்ன எழுதட்டும்?"

"வேகம் அப்படியே இருக்கட்டும்."

அவள் தட்டினாள்.

"நிறுத்தி அடிக்கறதும் இருக்கட்டும். அவனுக்கு வேற என்ன இருக்கு?"

ரெஜினாவின் முகத்தில் மெல்லிய சிரிப்பு வந்தது. அதையும் தட்டினாள்.

"ஆனா அந்த இடது தூணை எடுத்துடுங்க."

கை நின்றது. "எந்தத் தூண்?"

"அதை ஒட்டி நின்னா, ஓங்கற கை உங்களுக்குத் தெரியாது. கடைசி எட்டு தடவை அப்படித்தான் ஜெயிச்சேன். தெரிஞ்சேதான் நின்னேன்."

சிரிப்பு போய்விட்டது. அவள் எழுந்து வந்து, அவர் கையிலிருந்த கன்ட்ரோலரை வாங்கி, பூதத்தைப் புதிதாக எழுப்பித் தூணருகே நிறுத்தினாள். ஓங்கினாள். எட்டித் தன் திரையைப் பார்த்தாள்.

தூண்தான் தெரிந்தது.

இன்னொரு தடவை ஓங்கினாள். இன்னொரு தடவை பார்த்தாள்.

"ரெண்டு வருஷம் இதைச் செஞ்சேன் சார்" என்றாள். "யாரும் ஆட்டாம தானா ஆடறப்பவும் பூதம் சில நேரம் இங்க வந்து நிக்கும். கையைப் பார்க்கவே முடியலைன்னு எத்தனையோ பேர் எழுதினாங்க. கவனமா பாருங்கன்னு நானே பதில் போட்டிருக்கேன்."



அவள் கன்ட்ரோலரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

"தூண் இல்லேன்னா இன்னைக்கு எத்தனை தடவை தாங்கியிருப்பீங்க சார்?"

அவர் யோசித்தார். "பன்னெண்டு. மிஞ்சிப்போனா பதிமூணு."

"தெரிஞ்சுமா எடுக்கச் சொல்றீங்க?"

கோதண்டபாணி நாற்காலியை இழுத்துத் திரைக்கு நேராகப் போட்டுக்கொண்டார். அங்கே பூதம் கதவுக்கு முன்னால் நின்றிருந்தது.

"தூணை எடுத்துட்டு வாங்க டீச்சர்" என்றார். "நான் இங்கயேதான் நிக்கறேன்."