அஞ்சு குறையுள்ள ஜீப்பு

எங்கள் கோணப்பட்டியைப் பற்றி அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்வதை நீங்கள் நம்ப வேண்டாம். அவர்கள் பாதியைத்தான் சொல்வார்கள். மீதியை நாங்களே சொல்லிவிடுவோம். வீரணன் ஜீப்பு வாங்கிய கதை அந்த மீதியில் சேர்ந்தது.

வீரணன் ஊரிலேயே கெட்டிக்காரன். எங்கள் ஊரில் அந்தப் பெயர் வாங்குவது ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலையில்லை. ஒரு தாளைக் கொடுத்தால் எழுத்துக்கூட்டி வாசித்து, வாசித்தபடியே நடக்கிறவன் எங்களுக்குக் கெட்டிக்காரன்.

அப்பேர்ப்பட்டவனுக்கும் மனசில் ஒரு வடு இருந்தது. தங்கச்சி பேச்சியை மலைமேல் மேலச்சுனையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவள் மகளுக்குக் காது குத்தின அன்று வீரணன் போய்ச் சேர்வதற்குள் பந்தி முடிந்துவிட்டது. தாய்மாமன் மடியில் உட்கார வேண்டிய பிள்ளை பக்கத்து வீட்டுக்காரர் மடியில் உட்கார்ந்து, காது குத்திக்கொண்டு, அழுது, தூங்கியும் போயிருந்தது. இப்போது அதே பிள்ளைக்குச் சடங்கு. தங்கச்சி புருஷன் மாயழகு ஆள் சொல்லி அனுப்பியிருந்தார்.

"வியாழக்கிழமை காலையில பதினோரு மணிக்கு மாலை. மச்சான் வரலேன்னா பக்கத்து வீட்டுக்காரரே போட்டுருவாரு. அவருக்குப் பழக்கமிருக்கு."

இதைக் கேட்டு வீரணன் ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மேலச்சுனைக்குப் பஸ் கிடையாது. கல்லும் குழியுமாக ஏறுகிற பாதையில் ஜீப்பு மட்டும்தான் போகும். சொந்தமாக ஒரு ஜீப்பு வாங்கிவிடுவது என்று முடிவு கட்டினான். ஒருநாள் வாடகைக்குப் பிடித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அந்த யோசனை அன்றைக்கு ஊரில் ஒருத்தருக்கும் வரவில்லை. எனக்கே இதை எழுதும்போதுதான் வருகிறது.

கூட்டாளிகள் ரெண்டு பேரை அழைத்துக்கொண்டு அடிவாரத்து டவுனுக்குப் போனான். ஒருத்தன் ஒச்சு, எந்த விஷயத்திலும் சட்டம் பேசுவான். இன்னொருத்தன் சடையாண்டி, அதிகம் பேச மாட்டான், எதைச் சொன்னாலும் தூக்குவான்.

முதலில் பார்த்த ஜீப்பின் சொந்தக்காரர், "நானறிய வண்டியில ஒரு குறையும் இல்லீங்க" என்றார். அடுத்த ஜீப்பு தாசய்யாவுடையது. தோட்டத்தில் டிரைவராக இருந்து ஓய்வுபெற்றவர். பொய் அவருக்கு வாயில் வராது. ஒரு தாளை எடுத்து, வண்டியின் குறைகளை வரிசையாக எழுதி, கீழே கையெழுத்தும் போட்டு நீட்டினார். வீரணன் எழுத்துக்கூட்டி வாசித்தான்.

தானாகக் கிளம்பாது, தள்ளித்தான் கிளப்ப வேண்டும். அரைமணிக்கு ஒரு குடம் தண்ணீர் ரேடியேட்டரில் ஊற்ற வேண்டும். நிறுத்தியதும் சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். ஏற்றத்தில் நாலு பேர் இறங்கித் தள்ள வேண்டும். ஹாரன் அடிக்காது.

மூன்று பேரும் தள்ளிப் போய் நின்று ஆலோசனை நடத்தினார்கள்.

"ஏப்பா, நல்லா கவனி" என்றான் ஒச்சு. "மொதல்ல பாத்தவன் குறையே தெரியாதுங்குறான். அப்ப அந்த வண்டியில எத்தனை குறை ஒளிஞ்சு கெடக்கோ! இதுல அஞ்சு. அஞ்சும் தெரிஞ்ச குறை."

"ஆறாவதா ஒண்ணு வந்துட்டா?" என்றான் சடையாண்டி.

"எப்பிடிரா வரும்? எழுதலையே!"

தாசய்யாவுக்கே மனசு கேட்கவில்லை. "தம்பிகளா, ரெண்டு தடவை யோசிச்சு வாங்குங்கப்பா" என்றார். பெரிய மனுஷர் வார்த்தையைத் தட்டக் கூடாது என்று மூவரும் டீக்கடைக்குப் போனார்கள். டீ குடித்தபடி ஒரு தடவை யோசித்தார்கள். பிறகு இன்னொரு டீ சொல்லி, முதலில் யோசித்ததையே மறுபடியும் யோசித்தார்கள். திரும்பி வந்து ஜீப்பை வாங்கிவிட்டார்கள்.

வியாழக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. ஜீப்பு வீரணன் வீட்டு வாசலில் நின்றது. நின்றால் என்ன, அரைமணிக்கு ஒரு குடம் என்று எழுதியிருக்கிறதே! விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிறவரை முறை வைத்து ஊற்றினார்கள். ஊற்றின தண்ணீர் வழிந்து வாசலில் ஓடியது. மூன்றாம் நாள் ஜீப்புக்கு அடியில் தவளை கத்தியது. வீரணன் பெண்டாட்டி பவுன்தாய் மட்டும் விவரமானவள். அவள் ஈரத்தை வீணாக்குவானேன் என்று நாலு கீரைத்தண்டை ஊன்றி வைத்தாள்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குச் சீர்த்தட்டு, பட்டுச்சேலை, மாலை, தண்ணீர்க்குடம் எல்லாம் வண்டியில் ஏறியது. வீரணன் ஸ்டீரிங்கைப் பிடித்தான். ஒச்சுவும் சடையாண்டியும் தள்ளினார்கள். வண்டி அசையவில்லை. மூச்சுப்பிடித்துத் தள்ளினார்கள். எட்டு மணியும் ஆனது. வீரணனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. காதுகுத்து அன்றும் இதே மாதிரிதான் எட்டு மணி ஆனது.

பவுன்தாய் விட்டுப்போன ஒரு தட்டோடு வெளியே வந்தவள் குனிந்து பார்த்தாள். முன்சக்கரத்துக்கு அண்டை கொடுத்து அவளுடைய அம்மிக்குழவி கிடந்தது.

"மூணு நாளா இதைத்தான தேடுறேன்! கல்லை எடுக்காம தள்ளுனா வண்டி எப்பிடிங்க போகும்?"

வீரணன் தாளை விரித்துப் பார்த்தான். "வைக்கணும்னு இருக்கு. எடுக்கணும்னு இல்லையே."

பவுன்தாய் குழவியை உருவி வண்டிக்குள் போட்டு, தானும் ஏறிக்கொண்டாள். ஜீப்பு விருட்டென்று கிளம்பியது. ஒச்சுவும் சடையாண்டியும் கீரைத்தண்டு மேல் குப்புற விழுந்து, எழுந்து, ஓடிவந்து ஏறிக்கொண்டார்கள்.

மலையடிவாரம் வரை வண்டி ராஜா மாதிரி போனது. முதல் ஏற்றம் வந்ததும் சிக்கல் வந்தது. நாலு பேர் இறங்கித் தள்ள வேண்டும். ஒச்சு, சடையாண்டி, பவுன்தாய் மூன்று பேர்தான் இருந்தார்கள். கணக்கைச் சரிசெய்ய வீரணனும் இறங்கிவிட்டான். ஓட்ட ஆளில்லாத ஜீப்பு நாலு அடி ஏறி, தன்னிஷ்டத்துக்குத் திரும்பி, உன்னிச்செடிப் புதரில் போய்ப் படுத்துக்கொண்டது.

அந்த நேரம் மண்வெட்டியோடு தோட்டத்து வேலைக்காரர்கள் அஞ்சு பேர் மேலே போய்க்கொண்டிருந்தார்கள். "நாங்க தள்ளிவிடுறோம், வாங்கண்ணே" என்றார்கள்.

"அஞ்சு பேரு ஆகாது. நாலுன்னுதான் இருக்கு" என்றான் ஒச்சு. பவுன்தாய் தன் இடத்தைச் சந்தோஷமாக விட்டுக்கொடுத்து ஏறி உட்கார்ந்தாள். ஒச்சு, சடையாண்டியோடு தோட்டத்து ஆட்கள் ரெண்டு பேரைச் சேர்த்ததில் நாலு சரியாகிவிட்டது. புதரிலிருந்து வண்டியை வெளியே எடுத்ததும் வீரணன் மறுபடி ஸ்டீரிங்கைப் பிடித்தான். மிச்சம் மூன்று பேரை நடக்கவிடுவது மரியாதையில்லை என்று வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள். மூன்றும் மூட்டை தூக்குகிற உடம்பு. தள்ளின நாலு பேருக்கும் நாக்குத் தள்ளிவிட்டது. உள்ளே இருந்த மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் ஜீப்பு இன்னும் கனமானது.

மேலச்சுனைக்குக் கூப்பிடு தூரத்தில் தோட்டத்துக்காரர்கள் விடைபெற்று ஒற்றையடிப் பாதையில் போனார்கள். மணி பத்தரை. வீரணனுக்கு நெஞ்சு குளிர்ந்தது. நேரத்துக்குப் போகப்போகிறோம்! அந்தச் சமயத்தில் சக்கரம் ஒரு குழியில் இறங்கி ஏறியது. ஹாரன் பாம் என்று கத்த ஆரம்பித்தது. ஒருத்தரும் அதைத் தொடவில்லை. கத்தினது நிற்கவும் இல்லை.

வீரணன் வண்டியை நிறுத்தினான். இன்ஜினும் நின்றது. சடையாண்டி குழவியை வைத்தான். மூன்று பேருக்கும் முகம் வெளுத்துவிட்டது.

"நம்ம ஜீப்புல ஹாரன் அடிக்காது. கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காரு" என்றான் ஒச்சு. "இது அடிக்குது. அப்ப இது நம்ம ஜீப்பு இல்ல. வழியில எவனோ மாத்திட்டான்!"

"நம்ம சீர்த்தட்டு இதுலதான இருக்கு?" என்றான் சடையாண்டி.

"தட்டையும் சேத்து எடுத்து வச்சிருக்கான்."

"நாமளும் இதுலதான இருந்தோம்?"

ஒச்சு வண்டியை ஒருதரம் சுற்றிவந்து பார்த்தான். "நம்மளையும் சேத்துத்தான் மாத்தி வச்சிருக்கான். பெரிய கைகாரன்."

வீரணன் சந்தேகத்தோடு பவுன்தாயைத் திரும்பிப் பார்த்தான். "ஏம்புள்ள, நீயி…"

"நான் பழைய ஆளுதான்" என்றாள் அவள். "உங்களை அத்தனை கொறையும் தெரிஞ்சுதான் கட்டிக்கிட்டு வந்தேன். மணியாகுது, நடங்க."

"ஊரான் வண்டியில போயி என் மருமவளுக்குச் சீர் எறக்குறதா? கீழ போயி நம்ம வண்டியத் தேடிப் புடிச்சுட்டுத்தான் மறுவேலை" என்று வீரணன் வேட்டியை மடித்துக் கட்டினான். சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மானமும் போகக் கூடாது, மாலையும் போகக் கூடாது. ரெண்டில் எதை விடுவது என்று தெரியாமல் நடுப்பாதையில் நின்றான்.

அதற்குள் மேலே குலவைச் சத்தம் கேட்டது. ஹாரன் சத்தம் மலை முழுக்க எதிரொலித்து, மேலச்சுனையே திரண்டு இறங்கி வந்துகொண்டிருந்தது. மாயழகு முன்னால் ஓடிவந்து வீரணனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"மச்சான்! மலையே அதிர வந்துட்டீங்களே! இப்பிடி ஒரு மாமன் சீரை இந்த ஊரு பாத்ததில்ல!"

வீரணன் வாயைத் திறப்பதற்குள் அவனையும் சீர்த்தட்டுகளையும் கூட்டம் மேலே கொண்டுபோய்விட்டது. ஒச்சுவும் சடையாண்டியும் ஊரான் சொத்துக்குக் காவலாக வண்டியருகே நின்றுவிட்டார்கள். பதினோரு மணிக்கு வீரணன் தன் கையால் மருமகளுக்கு மாலை போட்டான். "வந்துட்டியாண்ணே" என்று பேச்சி தேம்பினாள். வீரணனும் அழுதான். பக்கத்து வீட்டுக்காரர் மூன்றாவது வரிசையில் சும்மா உட்கார்ந்திருந்தார். வீரணனுடைய ஆயுசிலேயே அவ்வளவு நல்ல நாள் வந்ததில்லை.

பந்தி முடிந்து, கூட்டாளிகளுக்கு இலையில் சோறு கட்டிக்கொண்டு வீரணனும் பவுன்தாயும் கீழே வந்தார்கள். ஹாரன் கத்திக் கத்தி, தொண்டை கட்டி, பேட்டரி தீர்ந்து அப்போதுதான் ஓய்ந்திருந்தது. வீரணன் பொத்தானை அமுக்கிப் பார்த்தான். சத்தமே இல்லை. இன்னொரு தடவை அமுக்கினான்.

"அடிக்கல! டேய், அடிக்கலடா! நம்ம ஜீப்பு வந்துருச்சு!"

மூன்று பேரும் ஜீப்பைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தார்கள். ஒச்சு சந்தோஷத்தில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினான். அப்புறம் அவன் முகம் மெல்லச் சுருங்கியது.

"நம்ம ஜீப்பு வந்துருச்சு, சரி. காலையிலருந்து காவல் காத்தமே, அந்த ஹாரன் அடிக்கிற ஜீப்பு எங்கப்பா?"

வீரணன் சக்கரத்தடியில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். "அடப்பாவிகளா! ரெண்டு பேரு காவல் இருந்தும் ஊரான் வண்டியத் தொலைச்சுப்புட்டீங்களேடா!"

மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் புதர் புதராகத் தேடப் போனார்கள். பவுன்தாய் தன் குழவியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு நடையைக் கட்டினாள். கல் எடுத்த ஜீப்பு மெதுவாக உருள ஆரம்பித்து, அவளுக்கு முன்னால் கோணப்பட்டிக்குப் போய்ச் சேர்ந்தது.