தவளை வாயில் கூழாங்கல்

ஒரு காட்டில், யானைகூட மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போகிற அளவுக்கு அழகான தோட்டம் ஒன்று இருந்தது. போட்டது யார் தெரியுமா குழந்தைகளே? செவ்வந்தி என்ற முயல். தண்டுக்கீரையும் முள்ளங்கியும் கிடுகிடுவென்று வளர்ந்தன. மழைக்காலம் முழுவதும் அதன் நான்கு குட்டிகளும் அந்தத் தோட்டத்தை நம்பித்தான் இருந்தன.

அங்கே குண்டப்பன் என்ற தவளை குடியிருந்தது. பூச்சி எதிரே வந்தால் போதும், நாக்கை நீட்டி லபக்கென்று விழுங்கிவிடும். மற்றபடி சொன்னதைக் கேட்கும் சாது.

ஒருநாள் பச்சைமுத்து என்ற வெட்டுக்கிளி வேலிமேல் வந்து உட்கார்ந்தது. சீன தேசம்வரை பறந்துபோய் ஃபெங் சுயி படித்துவிட்டு வந்ததாக அளந்தது. காற்றும் நீரும் எப்படி ஓடினால் அதிர்ஷ்டம் தங்கும் என்று சொல்கிற சாஸ்திரமாம் அது. மூன்றே மூன்று மாற்றம் செய்தால் கீரை யானை உயரத்துக்கு வளருமாம். செவ்வந்திக்குத் தலைகால் புரியவில்லை.

நேரான பாதையில் அதிர்ஷ்டம் ஓடிப்போய்விடும் என்று வெட்டுக்கிளி சொன்னதும், செவ்வந்தி பாதையை வளைத்து வளைத்துத் தோண்டியது. அடுத்து வடக்கே குழி வெட்டித் தண்ணீர் நிரப்பியது. குட்டிகள் துள்ளித் துள்ளிக் கூழாங்கல் சுமந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

மூன்றாவதுதான் முக்கியம் என்றது வெட்டுக்கிளி. "வாசலில் தவளை உட்கார வேண்டும். அதன் வாயில் வழவழப்பான கல் இருக்க வேண்டும். ஏழு நாள் வாயைத் திறக்கவே கூடாது."

"அப்புறம் நான் எப்படிச் சாப்பிடுவது?" என்று கேட்டது தவளை.

அதிர்ஷ்டம் வந்ததும் வயிறாரச் சாப்பிடலாம் என்று செவ்வந்தி கெஞ்சியது. பாவம், குண்டப்பனும் கல்லை வாங்கி வாயில் அடக்கிக்கொண்டது.

மறுநாள் காலை பச்சைமுத்து தன் கூட்டத்தோடு வந்து இறங்கியது. இருநூறு வெட்டுக்கிளிகள்! கறுக் மொறுக்கென்று ஒரு கீரைப் பாத்தி கண்ணெதிரே வெறும் குச்சியாகிவிட்டது. தவளை கண்ணை உருட்டி உருட்டிச் செவ்வந்தியைப் பார்த்தது. வாயைத் திறந்தால் வந்த அதிர்ஷ்டம் போய்விடும் என்று பச்சைமுத்து மிரட்டியது, வாய் நிறையக் கீரையோடு.

செவ்வந்தி மொட்டைப் பாத்தியைப் பார்த்தது. அதன் ஓரத்தில் நின்ற குட்டிகளைப் பார்த்தது. அப்போதுதான் உறைத்தது.

"கல்லைத் துப்பு, குண்டப்பா!"

துப்பிய கல் வடக்குக் குழியில் போய் விழுந்தது. பிறகென்ன, லபக், லபக், லபக். ஒரு நாள் பட்டினி வேறு, கேட்க வேண்டுமா? தப்பித்த வெட்டுக்கிளிகள் திரும்பிப் பார்க்காமல் பறந்தன. முள்ளங்கிப் பாத்தி பிழைத்தது. பச்சைமுத்து மட்டும் தின்ற கனத்தில் எழும்ப முடியாமல் வாசலில் மாட்டிக்கொண்டது.

"வடக்குப் பார்த்து வாயைத் திறந்தால் உனக்குத்தான் கெடுதல்" என்றது நடுக்கத்தோடு.

குண்டப்பன் சாதுதானே, சொன்னதைக் கேட்டது. வளைந்த பாதையில் மெதுவாகச் சுற்றி வந்து, பச்சைமுத்துவுக்கு எதிரே தெற்குப் பார்த்து உட்கார்ந்தது. அப்புறம் வாயைத் திறந்தது.

நீதி: நம்மைக் காப்பவரின் வாயை அடைக்கச் சொல்பவர் நமக்கு நன்மை சொல்பவர் அல்லர்.